பத்தாயத்துக்கும் பட்டியலில் இடம் வேண்டும்

அடையாறில் வீடு வாங்குபவர்கள் பத்திரத்தைக் கவனித்துப் படித்தால், சொத்து விவரத்தில் ‘ஊரூர் கிராமம்’ என்றோ ‘கோட்டூர் கிராமம்’ என்றோ எழுதியிருப்பதைக் காணலாம். தியாகராய நகரில் அது ‘மாம்பலம் கிராமம்’. மயிலாப்பூரில் ‘மயிலாப்பூர் கிராமம்’. சதுர அடிக் கணக்கில் விலை பேசப்படும் இந்த இடங்களைப் பதிவேடு இன்றும் கிராமம் என்றே அழைக்கிறது. அதற்குக் காரணம் உண்டு. நூறு ஆண்டுகளுக்கு முன்புவரை நுங்கம்பாக்கத்திலிருந்து மாம்பலம் பக்கமாகப் பெரிய ஏரி ஒன்று நீண்டு கிடந்தது. அதைச் சுற்றி வயலும் தோப்புமாக இருந்த பூமி இது. 1920-ஆம் ஆண்டு நகரமைப்புச் சட்டம் வந்த பிறகு, 1923 முதல் அந்த ஏரியை வடித்து மனை போட்டபோது பிறந்ததுதான் தியாகராய நகர். மேற்கு மாம்பலத்தின் லேக் வியூ ரோட்டில் இன்று ஏரி இல்லை, பெயர் இருக்கிறது. பத்திரத்தில் கிராமத்தின் பெயரும் தெருப்பலகையில் ஏரியின் பெயரும் பிழைத்திருக்கின்றன. அந்தக் கிராமங்கள் தங்கள் தொழிலுக்காகக் கட்டிக்கொண்டவை மட்டும் சத்தமில்லாமல் மறைந்துகொண்டிருக்கின்றன. மரத்தூண் தாங்கிய திண்ணை வீடு, அதற்குள் நெல் வைத்த அறை, கொல்லைப்புறத்து மாட்டுக் கொட்டில், வண்டி நிறுத்திய சாய்ப்பு எல்லாம் அவற்றில் அடக்கம். இவற்றில் எஞ்சியிருப்பவற்றை மரபுச் சின்னம் என்று நாம் ஒப்புக்கொள்ள வேண்டும். அரசும் அவற்றைப் பட்டியலில் ஏற்ற வேண்டும்.

பட்டியல் என்று ஒன்று இல்லாமல் இல்லை. அண்ணா சாலையின் பாரத் இன்சூரன்ஸ் கட்டடத்தை இடிப்பதற்கு எதிராகச் சென்னை உயர் நீதிமன்றம் 2010-இல் அளித்த தீர்ப்பு இந்நகரின் பழைய கட்டடங்களுக்குக் கிடைத்த பெரிய பாதுகாப்பு. நீதிபதி பத்மநாபன் குழு தொகுத்த பட்டியலில் 467 கட்டடங்கள் இருக்கின்றன. 2012-இல் தமிழ்நாடு மரபு ஆணையச் சட்டம் நிறைவேறியது. அது நடைமுறைக்கு வரப் பத்தாண்டுக்கும் மேல் ஆயிற்று என்பது வேறு வேதனை. ஆனால் பட்டியலின் நாட்டம் எங்கே இருக்கிறது என்று பார்த்தால், அரசு அலுவலகங்கள், கல்லூரிகள், தேவாலயங்கள், கோயில்கள், மாளிகைகள் என்று போகிறது. செங்கல் சிவப்பும் குவிமாடமும் கண்ணை இழுக்கின்றன. உழவுக்காக எழுந்த கட்டடத்தைத் தனி வகையாக அது காணவில்லை. மரக் கட்டடம் என்றால் நமக்கு உடனே நினைவுக்கு வருவது பத்மநாபபுரம் அரண்மனை. அரசர் குடியிருந்ததால் அந்த மரத்துக்கு மதிப்பு வந்தது. அதே கன்னியாகுமரி மாவட்டத்தில், அதே தச்சர் மரபு கட்டிய விவசாயி வீட்டு நெல்லறையை யாரும் எண்ணிக்கூடப் பார்க்கவில்லை.

அப்படி என்னதான் இருக்கிறது அந்த நெல்லறையில்? தஞ்சைப் பக்கத்துப் பத்தாயத்தை எடுத்துக்கொள்வோம். பார்வைக்கு அது ஒரு பெரிய மரப்பெட்டி. அருகில் போய்ப் பார்த்தால் அது கழற்றிப் பூட்டக்கூடிய ஒரு சின்னக் கட்டடம் என்பது விளங்கும். பலகைகள் ஒன்றோடொன்று கழுந்தும் துளையுமாகக் கோத்து நிற்கும். அடியில் கால் வைத்துத் தரையிலிருந்து உயர்த்தியிருப்பார்கள். ஈரம் ஏறாது, எலி புகுந்தால் கண்ணில் படும். நெல்லை மேலே கொட்டுவார்கள், எடுப்பது அடியில் இருக்கும் சிறு வாய் வழியாக. முதலில் போன நெல் முதலில் வெளியே வரும். பழைய நெல் அடியிலேயே தங்கிப் புழுத்துப்போகாது. இன்றைய கிடங்கு மேலாண்மையில் பாடமாகச் சொல்லித்தருவதை ஒரு தச்சர் உளியால் செய்து முடித்திருக்கிறார். வீடும் அதே அறிவில் எழுந்ததுதான். தூணின் தலையில் போதிகை, அதன்மேல் உத்திரம், உத்திரத்தின்மேல் கைமரம், வசதிக்கேற்பத் தேக்கு அல்லது பனை வாரை, மேலே நாட்டு ஓடு என்று பாரம் படிப்படியாக இறங்கும். சென்னைப் பக்கத்தில் இதற்கு மெட்ராஸ் டெரஸ் என்ற இன்னொரு வடிவமும் உண்டு. தேக்குச் சட்டங்களை ஒன்றரை அடிக்கு ஒன்றாக அடுக்கி, மெல்லிய செங்கல்லை அவற்றின்மேல் மூலைவாட்டில் குத்தி நிறுத்தி, சுண்ணாம்பு குழைத்துப் பூசி, மேலே செங்கல் ஜல்லியும் சுண்ணாம்பும் கலந்து கொட்டி, கடுக்காய்த் தண்ணீர் தெளித்து நாள்கணக்கில் அடித்து இறுக்குவார்கள். மயிலாப்பூர் மாட வீதிகளைச் சுற்றியுள்ள சந்துகளில் எஞ்சியிருக்கும் பழைய வீடுகளில் இந்தக் கூரையை இன்றும் பார்க்கலாம்.

இந்த மரங்கள் பேசக்கூடியவை. இங்கிலாந்தில் செசில் ஹெவெட் என்பவர் எசெக்ஸ் பகுதியின் பழைய தானியக் கொட்டகைகளில் மரம் மரத்தோடு சேரும் மூட்டுகளை வரைந்து வரைந்து, எந்த மூட்டு எந்தக் காலத்துக்குரியது என்று ஒரு காலவரிசையையே உருவாக்கினார். லண்டன் ஹீத்ரோ விமான நிலையத்துக்குப் பக்கத்தில் ஹார்மண்ட்ஸ்வொர்த் என்ற ஊரில் 1426-27-இல் எழுந்த ஒரு மரக் கொட்டகை இருக்கிறது. சுமார் 58 மீட்டர் நீளம். தானியம் சேமிக்கக் கட்டியது, வேறு பெருமை எதுவும் அதற்கில்லை. கவனிப்பாரற்றுக் கிடந்த அதை 2011-இல் இங்கிலிஷ் ஹெரிடேஜ் அமைப்பு 20,000 பவுண்டுக்கு வாங்கிச் செப்பனிட்டு, மக்கள் பார்க்கத் திறந்துவைத்தது. அரண்மனைக்கு இணையான சட்டப் பாதுகாப்பு அந்தக் கொட்டகைக்கு உண்டு. நம் நாட்டு மரத்துக்கோ கூடுதலாகவே ஒரு சிறப்பு இருக்கிறது. வெப்பமண்டல மரங்களில் ஆண்டு வளையம் தெளிவாக விழுபவை குறைவு. தேக்கு அவற்றில் ஒன்று. அதன் வளையங்களைக் கொண்டு கடந்த காலப் பருவமழையின் ஏற்ற இறக்கத்தைப் புனேயில் உள்ள இந்திய வெப்பமண்டல வானிலை ஆய்வு நிறுவனத்தின் ஆய்வாளர்கள் கணித்திருக்கிறார்கள். நூறு ஆண்டுகளுக்கு முன் பர்மாவிலிருந்தோ மேற்குத் தொடர்ச்சி மலையிலிருந்தோ வந்த தேக்கு விட்டம் ஒன்றில், அது வெட்டப்படுவதற்கு முந்தைய நூறு இருநூறு ஆண்டுகளின் மழை பதிவாகியிருக்கக்கூடும். வீட்டை இடிக்கிற வாரத்தில் அது அறுவைப் பட்டறைக்குப் போய்க் கதவு நிலையாகிவிடுகிறது.

தானியக் கிடங்கையும் மரபுச் சின்னமாக மதிக்கலாம் என்பதைத் தமிழ்நாடு ஏற்கெனவே ஒப்புக்கொண்டிருக்கிறது. பாபநாசத்தை அடுத்த திருப்பாலைத்துறையில், தஞ்சை நாயக்கர் காலத்தில் கட்டப்பட்ட வட்ட வடிவ நெற்களஞ்சியம் மாநிலத் தொல்லியல் துறையின் பாதுகாப்பில் இருக்கிறது. 3,000 கலம் நெல் கொள்ளும் என்பார்கள். அது செங்கல்லும் சுண்ணாம்பும் கொண்டு கட்டியது. தானாகவே நானூறு ஆண்டு நின்றுவிட்டதால் நம் கண்ணில் பட்டது. மரத்தில் செய்தவை அந்த அளவுக்குப் பொறுமையாகக் காத்திருக்க மாட்டா. அதனால்தான் அவற்றுக்கு நூறு ஆண்டு வயது ஆகட்டும், பிறகு பார்க்கலாம் என்ற அளவுகோல் பொருந்தவில்லை. 1958-ஆம் ஆண்டின் மத்தியச் சட்டம் தொன்மைச் சின்னத்துக்கு நூறு ஆண்டு என்று வரம்பு வைத்திருக்கிறது. கல்லுக்கு வைத்த வரம்பு அது. கரையானும் கடற்காற்றும் உள்ள ஊரில், ஒழுகும் ஓட்டை மாற்ற ஆளில்லாமல் ஐந்து மழைக்காலம் போனால் போதும், ஒரு கொட்டில் உட்கார்ந்துவிடும்.

மரம் அழியக்கூடியது, உளுத்த பகுதியை மாற்றி மாற்றிப் புதுப்பித்தால் கடைசியில் மிஞ்சுவது பழைய கட்டடமா என்று கேட்பவர்கள் உண்டு. நியாயமான கேள்வி. மயிலாப்பூர்க்காரர்களுக்கு அதன் விடை ஆண்டுதோறும் வீதிக்கு வருகிறது. பங்குனிப் பெருவிழாவின் ஏழாம் நாள் கபாலீசுவரர் தேர் மாட வீதிகளைச் சுற்றுகிறது. தேரின் சட்டம் இற்றால் சட்டத்தை மாற்றுகிறார்கள், பலகை வெடித்தால் பலகையை. இது பழைய தேர் இல்லை என்று வடம் பிடிப்பவர் எவரும் சொல்வதில்லை. திருவாரூர் ஆழித்தேர் 1920-களில் தீக்கிரையான பின் புதிதாகச் செய்யப்பட்டது. அதையும் ஆழித்தேர் என்றே கும்பிடுகிறோம். அளவு மாறாமல், மூட்டு மாறாமல், செய்யும் கை அறுந்துபோகாமல் இருந்தால் பொருள் தொடர்கிறது என்பது நம் மக்களின் துணிபு. ஜப்பானியரும் அப்படித்தான் நினைக்கிறார்கள். ஈசே கோயிலை இருபது ஆண்டுக்கொருமுறை புது மரத்தில் திரும்பக் கட்டுகிறார்கள். கடைசியாகக் கட்டியது 2013-இல். கல்லை மனத்தில் வைத்து எழுதிய ஐரோப்பிய விதிகள் எல்லா இடத்துக்கும் பொருந்தா என்பதை 1994-ஆம் ஆண்டின் நாரா ஆவணம் ஏற்றுக்கொண்டது. மரக் கட்டடங்களைப் பேணுவதற்கான உலக நெறிமுறைகளின் திருத்திய வடிவத்தைச் சர்வதேச நினைவுச்சின்ன அமைப்பான இகோமோஸ் 2017 டிசம்பரில் நிறைவேற்றியது, அதுவும் டெல்லியில் கூடி. நம் தலைநகரில் முடிவான நெறிமுறை நம் நகராட்சி அலுவலகங்களின் மேசைக்கு இன்னும் வந்து சேரவில்லை.

மரத்தின் ஆயுளைப் பற்றிப் பேசும்போது கான்கிரீட்டின் ஆயுளையும் பேசியாக வேண்டும். 1970-களிலும் 80-களிலும் மயிலாப்பூர், தியாகராய நகர், அடையாறு பகுதிகளில் ஓட்டு வீடுகளையும் தோட்ட வீடுகளையும் இடித்துவிட்டுக் கட்டிய அடுக்குமாடிகள் இன்று ஒவ்வொன்றாக மறுகட்டுமானத்துக்குப் போய்க்கொண்டிருக்கின்றன. உப்புக்காற்றில் கம்பி துருப்பிடித்து வீங்கி, கான்கிரீட் பெயர்ந்து விழுகிறது. 2021 டிசம்பரில் திருவொற்றியூரில் ஓர் அடுக்குமாடிக் குடியிருப்பே சரிந்தது. அந்தக் கட்டடங்கள் எல்லாம் அப்படித்தான் என்று சொல்வது என் நோக்கமல்ல. ஆனால் நிலைக்காது என்று சொல்லி நாம் இடித்த தேக்குக் கூரை நூறு ஆண்டு நின்றிருந்தது. நிலைக்கும் என்று நம்பிக் கட்டியது நாற்பது ஐம்பது ஆண்டில் பழுதாகிவிட்டது. பழுதான உத்திரத்தைத் தச்சர் ஒரே நாளில் மாற்றிவிடுவார். துருப்பிடித்த கம்பியை அப்படி மாற்ற வழி கிடையாது.

இவற்றையெல்லாம்விடக் கனமான மறுப்பு ஒன்று இருக்கிறது. அதை மரபுப் பாதுகாப்பு பேசுபவர்கள் பெரும்பாலும் சுற்றிக்கொண்டு போய்விடுகிறார்கள். அக்கிரகாரமும் பண்ணையார் வீடும் யாருடைய மரபு? அந்தப் பத்தாயத்தை நிரப்பியவர் அந்த வீட்டின் திண்ணையில் உட்கார முடிந்ததா? இல்லை. கொல்லை வழியாக மட்டுமே அவரால் வர முடிந்தது. உழைத்த நெல் கலக்கணக்கில் வீட்டுக்குள் போனது. கூலி நெல் மரக்கால் கணக்கில் வெளியே வந்தது. தஞ்சாவூர் மாவட்டத்தில் அந்த மரக்காலின் அளவை முறைப்படுத்த 1952-இல் பண்ணையாள் பாதுகாப்புச் சட்டம் ஒன்றே தேவைப்பட்டது. கூலி நெல்லைக் கூட்டிக் கேட்ட போராட்டத்தின் தொடர்ச்சியாக, 1968 டிசம்பர் 25 அன்று கீழ்வெண்மணியில் 44 பேர் ஒரு குடிசைக்குள் எரித்துக் கொல்லப்பட்டார்கள். இந்த வரலாற்றை மறைத்துவிட்டு, வேலைப்பாடுள்ள தூணையும் பளபளக்கும் திண்ணையையும் மட்டும் காட்டி நம் பண்பாடு என்று பெருமை பேசினால் அது பொய்யாகிவிடும்.

ஆனால் இந்த மறுப்பு இடிப்பதற்கான காரணமாகாது என்றே நினைக்கிறேன். எதைக் காக்க வேண்டும் என்பதை அது திருத்திச் சொல்கிறது. வீட்டின் முகப்பை மட்டும் காப்பாற்றிவிட்டுக் கொல்லையை இடித்தால், உழைப்பின் சாட்சியம்தான் முதலில் போகும். நெல்லறையின் பருமன், கொட்டிலின் நீளம், பின்வாசலின் தாழ்ந்த நிலை, முன்கட்டுக்கும் பின்கட்டுக்கும் நடுவே இருந்த கதவு எல்லாமே அந்த வீட்டில் யார் எதுவரை வர முடிந்தது என்பதை எழுத்தில்லாமல் சொல்பவை. பண்ணையாளின் குடிசை மண்ணோடு மண்ணாகிவிட்டது. அவர் கைபட்ட பொருளாக மிஞ்சியிருப்பது அவர் நிரப்பிய பத்தாயமும் அவர் பராமரித்த கொட்டிலும்தான். அவற்றைச் செய்த தச்சர்களின் பெயரும் எங்கும் எழுதப்படவில்லை. அவர்கள் போட்ட மூட்டுதான் அவர்களுடைய கையொப்பம். பட்டியலில் மாளிகைகள் மட்டும் இருந்தால், வாழ்ந்தவர்கள் மாளிகைக்காரர்கள் மட்டுமே என்று ஆகிவிடும். அந்த வகையில் உழவுக் கட்டடத்தைப் பட்டியலில் சேர்ப்பது சமூகநீதிக்கு முரணான காரியமே அல்ல. அதற்குத் தேவையான காரியம்.

அடுத்தது பணம். தியாகராய நகரிலும் மயிலாப்பூரிலும் ஒரு கிரவுண்டு நிலத்தின் விலை தெரிந்த எவரும், வாரிசுகள் ஐந்து பேர் இருக்கும் குடும்பத்திடம் ஓட்டு வீட்டை அப்படியே வைத்துக்கொள்ளுங்கள் என்று உபதேசம் செய்ய மாட்டார்கள். தடை உத்தரவு மட்டும் போட்டால், வீடு பூட்டிக் கிடந்து மழையில் விழும். விழுந்தபின் இடிக்க அனுமதியும் தேவைப்படாது. உரிமையாளர் இழப்பதை ஊர் ஈடு செய்ய வேண்டும். மும்பையில் 1995-இன் மரபு விதிகள், பட்டியலில் உள்ள கட்டடத்தின் உரிமையாளர் தன் மனையில் கட்ட முடியாமல் போன பரப்பை வேறிடத்தில் கட்டும் உரிமையாக மாற்றி விற்க வழிசெய்தன. புதுச்சேரியின் தமிழர் பகுதியில் வைசியாள் தெருவில், திண்ணையும் தெருத் தாழ்வாரமும் கொண்ட வீடுகளின் முகப்புகளை இன்டாக் அமைப்பும் அரசும் ஐரோப்பிய ஒன்றிய நிதியுதவியோடு உரிமையாளர்களுடன் சேர்ந்து சீரமைத்தன. அந்தத் தெரு 2008-இல் யுனெஸ்கோவின் ஆசிய-பசிபிக் விருது பெற்றது. வீட்டுக்காரர்கள் வெளியேறவில்லை, தெருவுக்கு மதிப்புக் கூடியது. சித்திரக்குளத்தைச் சுற்றியோ மாட வீதியை ஒட்டிய ஏதாவதொரு சந்திலோ இதைச் செய்து பார்க்கச் சென்னைக்கு என்ன தடை? சொத்துவரிச் சலுகையும் ஓடு மாற்றக் கொஞ்சம் மானியமும் கொடுத்தாலே பாதி வீடுகளின் ஆயுள் நீளும்.

எல்லாவற்றையும் இருந்த இடத்திலேயே காக்க முடியாது என்பதும் உண்மை. கிழக்குக் கடற்கரைச் சாலையில் முட்டுக்காட்டில் 1996-இல் திறக்கப்பட்ட தட்சிணசித்ரா அதற்கு ஒரு வழியைக் காட்டியிருக்கிறது. திருநெல்வேலிப் பக்கத்து ஆம்பூரின் அக்கிரகார வீடும் தஞ்சைப் பகுதி உழவர் வீடும் அங்கே நிற்கின்றன. கேரளத்துப் புதுப்பள்ளியிலிருந்து வந்த சிரியன் கிறித்தவர் வீட்டில் நெல்லறைதான் நடுநாயகம். மர வீடாக இருந்ததால்தான் கழற்றி ஏற்றி வந்து மறுபடி பூட்ட முடிந்தது. கான்கிரீட் வீட்டை அப்படிக் கொண்டுவர இயலாது. ஆனாலும் இடம் பெயர்ந்த வீட்டுக்குப் பக்கத்தில் வயல் இல்லை, வாய்க்கால் இல்லை. கிராமம் இருந்த இடம் எதுவென்று அது சொல்லாது. எனவே அதைக் கடைசிப் புகலிடமாக வைத்துக்கொள்ளலாம், முதல் தீர்வாக எடுத்துக்கொள்ளக் கூடாது. அந்தப் புகலிடமும் கிடைக்காதவற்றுக்கு நேர்வது காரைக்குடி முனீஸ்வரன் கோவில் தெருவின் பழம்பொருள் கடைகளில் தெரியும். தூண் தனி, போதிகை தனி, கதவு தனி, பத்தாயப் பலகை தனி. வாங்கியவர் அழகான பொருள் ஒன்றை வீட்டுக்குக் கொண்டுபோகிறார். அது எந்த ஊரில் எந்தப் பாரத்தைத் தாங்கி நின்றது என்ற செய்தி அந்தக் கடையோடு முடிந்துவிடுகிறது.

செய்யக்கூடியது கைக்கெட்டும் தூரத்தில்தான் இருக்கிறது. மரபு ஆணையம் தன் பட்டியலில் உழவுக் கட்டடங்களுக்கும் மரக் கட்டடங்களுக்கும் தனிப் பிரிவு ஒன்றைத் தொடங்கட்டும். வயது வரம்பை அவற்றுக்குத் தளர்த்தட்டும். மயிலாப்பூர், மாம்பலம், ஊரூர், கோட்டூர், திருவான்மியூர், வேளச்சேரி ஆகிய பழைய கிராம நத்தங்களில் தெருத்தெருவாகக் கணக்கெடுப்பு நடக்கட்டும். கிண்டியில் அண்ணா பல்கலைக்கழகத்தின் கட்டடக்கலைப் பள்ளி இருக்கிறது. மாமல்லபுரத்தில் அரசு கட்டடக்கலை சிற்பக்கலைக் கல்லூரி இருக்கிறது. அளவெடுத்து வரைவது கட்டடக்கலை மாணவர்களின் பாடத்திலேயே உள்ள வேலை. இடிப்பதற்கு அனுமதி கேட்டு வரும் ஒவ்வொரு பழைய மர வீட்டுக்கும், அளவு வரைபடமும் படங்களும் ஒப்படைத்த பிறகே அனுமதி என்று பெருநகர வளர்ச்சிக் குழுமமும் மாநகராட்சியும் ஒரு விதி போட்டால் போதும். அதற்கு ஆகும் செலவு, கட்டப்போகும் அடுக்குமாடியின் ஒரு கார் நிறுத்துமிடத்தின் விலைகூட இராது.

விற்பதற்காகப் பேசிக்கொண்டிருக்கும் பழைய வீடு உங்கள் குடும்பத்தில் இருந்தால், ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போடுவதற்கு முன் ஒரு நாள் ஒதுக்குங்கள். வயதான தச்சர் ஒருவரை அழைத்துக்கொண்டு கொல்லைவரை நடந்து பாருங்கள். எந்த மரம், எந்த மூட்டு, எது நெல் வைத்த இடம், எது மாடு கட்டிய இடம், அங்கே வேலை செய்தவர்கள் யார் என்பதை அவரிடமும் வீட்டுப் பெரியவர்களிடமும் கேட்டு எழுதி, படம் எடுத்து வையுங்கள்.